மணிக்கும், மணியை அழைத்து வந்தவர்களுக்கும்

செவ்வாய்ப்பேட்டை சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு வந்தவர்களுக்கும், இரவில் துணைக்கு இருந்தவர்களுக்கும் வீடு தேடி வந்தே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் வேறு சிலருக்கு. அதில் ஒருவர் மணி, லாப்ரடார் நாய்.

வலது கையும் பேச்சும் சேர்ந்து போயிருந்தன. மடங்கிய விரல்களைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. கொலுசுப் பட்டறையில் ஆயுசெல்லாம் கண்ணி கோத்த மனிதரிடம் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபம் நியாயம்தான். பிசியோதெரபிஸ்ட் தம்பி அதை அடம் என்று தள்ளிவிடாமல், "ஐயாவுக்கு நாய் பிடிக்குமா?" என்று அம்மாவிடம் கேட்டார். முதல் நன்றி அந்தக் கேள்விக்கு.

அஸ்தம்பட்டி டீச்சரம்மா சனிக்கிழமைதோறும் மணியை அழைத்து வந்தார். முதுகைச் சீப்பால் வாரிவிட வேண்டும்; அதில் பிடியும் தோளும் சேர்ந்து வேலை செய்தன. பந்து எறிய வேண்டும். விரல் பிரியாமல் பந்து போகாது, மணியோ கண் கொட்டாமல் காத்திருக்கும். பிஸ்கட் துண்டை இரண்டு விரலால் எடுத்து நீட்ட வேண்டும். போன வாரம் எத்தனை தடவை, இந்த வாரம் எத்தனை என்று தம்பி நோட்டில் குறித்துக்கொள்வார். இலக்கும் கணக்கும் இல்லையென்றால் அது சும்மா நாயைக் கொஞ்சுவதுதான், சிகிச்சை ஆகாது என்பார்.

பேச்சில் முதலில் வந்தது "வா". அப்புறம் ஒருநாள் "வா கண்ணு". "கல்யாணம் ஆன நாளா என்னை ஏய்னுதான் கூப்பிட்டார்" என்று அம்மா சிரித்தது எதிர்வீடு வரை கேட்டது.

"வைத்தியத்துக்கு நாயா?" என்று கேட்ட சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை. போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், யாரோடும் ஒட்டாத சிறுவன் ஒருவன் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸோடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்து, 1962-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். நாயைத் தடவிக்கொடுக்கும்போது மன அழுத்தம் சார்ந்த கார்டிசால் என்ற ஹார்மோன் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக மூளை ரத்தக்குழாய் அடைப்பை மணி நீக்கிவிடவில்லை. டாக்டர் எழுதித் தந்த மாத்திரை ஒரு வேளையும் நின்றதில்லை. கையை மீட்டது பயிற்சி. பயிற்சிக்கு அப்பாவை எழுப்பி உட்காரவைத்தது மணி.

கால்நடை டாக்டரம்மாவுக்குத் தனியாக நன்றி. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, நகம் வெட்டுவது எல்லாம் சரியாக இருந்தால்தான் நோயாளி பக்கத்தில் நாயை விடலாம் என்று கறாராகச் சொன்னவர் அவர்தான். நாய் அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ அதற்குப் போதும் என்று அர்த்தமாம். முகத்தைத் திருப்புகிறவர் மனசு அப்பாவுக்கா தெரியாது? உடனே சீப்பைக் கீழே வைத்துவிடுவார்.

ஏற்காடு கோடை விழா நாய்க் கண்காட்சிக்கு மணியைக் கூட்டிப்போகலாமா என்று இப்போது சைகையில் கேட்கிறார். காரில் அஸ்தம்பட்டியிலிருந்து வரும்போதே வாந்தி எடுக்கும், இருபது கொண்டை ஊசி வளைவு தாங்காது என்கிறார் டீச்சரம்மா. பேச்சுவார்த்தை நடக்கிறது.

தெருப் பிள்ளைகளுக்கும் நன்றி, பந்து சாக்கடையில் விழுந்தபோதெல்லாம் எடுத்துத் தந்ததற்கு. ஒரே ஒரு வேண்டுகோள், செல்லங்களா: மணி உள்ளே வருவதற்கு முன்னால் பிஸ்கட் ஊட்டாதீர்கள். தாத்தா கையால் வாங்கித் தின்ன அதற்குப் பசி வேண்டும்.