பாசி மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு, கிரேடு 1 என்று வந்ததைப் படித்ததும் மனசு கலங்கிவிட்டது. ஆனால் இந்தக் கட்டத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம், பயப்படாதே.

கடல்பாசி மாத்திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே மண்டபம், பாம்பன் பக்கம் கரையில் ஒதுங்குகிற கட்டக்கோரையை நீ பார்த்திருக்கிறாய். பழுப்பு நிறத்தில், மிளகு மிளகாகக் காற்றுப் பைகள் தொங்குமே, அதுதான் சார்காசம். அதில் ஓர் இனத்தின் சாறு, காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் அளவு மீறிக் கல்லீரலைக் கெடுப்பதைத் தடுக்கிறதா என்று, எலிகளுக்குக் கொடுத்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்கத்திலேயே சோதித்திருக்கிறார்கள்.

பாராசிட்டமாலைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் நச்சு உண்டாகும். குளுட்டதயோன் என்ற பொருள் அதை அடக்கிவிடும். மாத்திரை அளவு மீறினால் குளுட்டதயோன் தீர்ந்து, நச்சு செல்லையே தாக்கும். செத்த செல்களிலிருந்து நொதிகள் ரத்தத்தில் கசியும். உன் ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இருப்பவை அவைதான். பாசிச் சாறு கொடுத்த எலிகளில் அவை அவ்வளவாக ஏறவில்லை. பழுப்புப் பாசியின் வழவழப்பில் இருக்கும் ஃபியூகாய்டன், அதன் நிறமியான ஃபியூகோசாந்தின் இரண்டிலும் இதே மாதிரி பலன்களை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாதிரிச் சோதனைகளில் பெரும்பாலும் எலிக்கு முதலில் பாசியைக் கொடுப்பார்கள், அப்புறம்தான் நஞ்சு. உனக்கோ கொழுப்பு வருஷக்கணக்காகச் சேர்ந்திருக்கிறது. முன்கூட்டிக் காப்பது வேறு, வந்ததைக் கரைப்பது வேறு. கீழாநெல்லி ஞாபகம் இருக்கிறதா? 1988-ல் சென்னை மருத்துவர்கள் அதை ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்து நல்ல பலன் என்று எழுதினார்கள். பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவாவது மனிதர்களிடம் பார்த்தது.

பாசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கொழுப்புக் கல்லீரலுக்கென்றே பாசியிலிருந்து ஒரு மாத்திரை உருவாக்கியிருக்கிறது. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இதனால் நல்ல விலை கிடைத்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

ஆனால் நீ ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன். ஃபியூகாய்டனுக்கும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் உண்டு. இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வாயில் போடாதே. தங்கச்சிக்கும் பங்கு கொடுத்துவிடாதே, அவளுக்குத் தைராய்டு. பாசியில் அயோடின் அதிகம். பெயர் தெரியாத பாசிப் பொடி பக்கமே போக வேண்டாம், சில பாசிகளில் ஆர்சனிக்கும் சேர்ந்திருக்கும்.

எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரலில் நல்ல மாற்றம் தெரியும். உன் 82 கிலோவில் ஆறிலிருந்து எட்டுக் கிலோ. ராத்திரி பரோட்டாவையும் சர்க்கரை போட்ட டீயையும் முதலில் நிறுத்து.

இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு ராமநாதபுரத்திலேயே வேலை கிடைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு ராத்திரி கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
காதர்