ஹெல்ப் ஃபோல்டரை அழிக்கச் சொன்ன அந்த ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன்பு உங்கள் கணினிப் பக்கத்தில் ஹார்ட் டிஸ்கில் இடம் காலி செய்வது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. தற்காலிகக் கோப்புகளை அழிப்பது, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது, எல்லாம் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். மென்பொருள்களின் ஃபோல்டருக்குள் ஹெல்ப் என்ற பெயரில் கிடப்பவை வெறும் கையேடுகள்தான், அவற்றையும் தயங்காமல் நீக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அந்த வரியை நம்பி இரண்டு நாள் வேலையை இழந்த ஆள் நான். இதே கதி வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான்.

பக்க வடிவமைப்பு என் தொழில். பழைய ஸ்கேன் படங்களில் இருக்கும் தூசியையும் கீறல்களையும் எடுப்பதற்குப் படத்தொகுப்பு மென்பொருளில் ஒரு ப்ளகின் (பெரிய மென்பொருளோடு ஒட்டி வேலை செய்யும் துணை நிரல்) போட்டு வைத்திருக்கிறேன், தினமும் அதை நாற்பது ஐம்பது தடவையாவது திறப்பேன். ஹெல்ப் ஃபோல்டர்களை எல்லாம் அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் துடைத்துவிட்டு, மறுநாள் காலை ஃபில்டர் மெனுவில் அந்த ப்ளகினைச் சொடுக்கினேன். ஒரு நொடி சும்மா நின்றது. அப்புறம் மென்பொருள் மொத்தமும் மறைந்துவிட்டது. பிழைச் செய்தி இல்லை, சேமிக்கட்டுமா என்ற கேள்வி இல்லை. திறந்து வைத்திருந்த மூன்று படங்களும் போயின.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். படத்தொகுப்பு மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், அதிலேயே அரை நாள் போனது. ப்ளகின் தனி ஃபோல்டரில் இருந்ததால் இந்த மறுநிறுவல் அதைத் தொடவே இல்லை என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. ப்ளகினை மட்டும் மறுபடி நிறுவியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம்! ராம் கெட்டுவிட்டதோ என்று அதையும் சோதித்தேன், பாவம் அது நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள்தான் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்கத் தோன்றியது. கணினியில் நடக்கும் கோளாறுகளைக் குறித்துவைக்கும் பதிவேடு அது, விண்டோஸில் எல்லாரிடமும் இருப்பதுதான், யாரும் திறப்பதில்லை. விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன், அங்கே சிவப்புக் குறியோடு நிகழ்வு எண் 1000 என்று ஒரு வரி. மென்பொருள் செத்த நேரமும் அந்த வரியின் நேரமும் அச்சாகப் பொருந்தின. அதில் 'ஃபால்ட்டிங் மாட்யூல்' (தவறு செய்த பகுதி) என்ற இடத்தில் நான் இவ்வளவு நேரம் சந்தேகப்பட்ட மென்பொருளின் பெயர் இல்லை, ப்ளகின் கோப்பின் பெயர் இருந்தது. பிழையின் வகை அக்சஸ் வயலேஷன், அதாவது தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தில் கைவைத்தது. திருடன் யார் என்று தெரிந்துவிட்டது, எதற்காக அங்கே போனான் என்பதுதான் பாக்கி.

அதற்கு ப்ராசஸ் மானிட்டர் என்று மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஒரு கருவி இருக்கிறது. ஒரு மென்பொருள் எந்தக் கோப்பைத் தேடுகிறது, கிடைத்ததா இல்லையா என்று வரி வரியாகக் காட்டும். சில நொடிக்குள் ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும், பயப்பட வேண்டாம். படத்தொகுப்பு மென்பொருளின் பெயரையும், விண்டோஸில் ஏதாவது செத்தால் தகவல் சேகரிக்க வரும் வெர்ஃபால்ட் என்பதன் பெயரையும் மட்டும், வேண்டாத வரிகளை மறைக்கும் அந்தக் கருவியின் ஃபில்டரில் போட்டேன். ப்ளகினைச் சொடுக்கினேன், வழக்கம்போல் எல்லாம் மறைந்தது, பதிவை நிறுத்தினேன். இனி வெர்ஃபால்ட் முதலில் தலைகாட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கி வாசிக்க வேண்டும், மேலிருந்து கீழே வாசித்தால் விடியும்வரை வாசிக்கலாம். 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று நூறு இடத்தில் வரும், அத்தனையும் பிழை கிடையாது. எந்த மென்பொருளும் ஒரு கோப்பை நாலைந்து இடத்தில் தேடித்தான் எடுக்கும், மூன்றாம் இடத்தில் கிடைத்தால் முதல் இரண்டுக்கும் அந்த வரி விழுந்திருக்கும். கடைசியாகத் தேடிக் கிடைக்காமல் போனது எது என்பதுதான் கேள்வி.

எனக்குக் கிடைத்த வரியில் 'பாத் நாட் ஃபவுண்ட்' என்று இருந்தது. கோப்பு மட்டும் இல்லாவிட்டால் 'நேம்' என்று வரும், அது இருக்க வேண்டிய ஃபோல்டரே இல்லாவிட்டால் 'பாத்' என்று வரும். ப்ளகினின் ஃபோல்டருக்குள் ஹெல்ப், அதற்குள் ஒரு இண்டெக்ஸ் கோப்பு. நான் என் கையாலேயே அழித்தது.

நம்பிக்கை வரவில்லை. ஒரு ஹெல்ப் கோப்புக்காக யாராவது சாவார்களா? அதனால் அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கினேன், மறுபடியும் செத்தது, ஆனால் இந்தத் தடவை வரி 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று மாறியிருந்தது. பிறகு நோட்பேடில் ஒன்றுமே எழுதாமல் வெறும் கோப்பை அந்தப் பெயரில் சேமித்து உள்ளே போட்டேன். அப்போதும் சாவு! பார்த்தால் கோப்பின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டிருந்தது, விண்டோஸ் பெயரின் வாலை மறைத்துவைக்கும் பழக்கத்தால் வந்த வினை. வாலை வெட்டினேன். ப்ளகின் திறந்தது! உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாத கோப்பை வைத்துக்கொண்டு அழகாகத் தூசி எடுத்தது. ஒவ்வொரு ஸ்லைடர் மேலும் மவுஸை வைத்தால் வரும் சின்ன மஞ்சள் குறிப்பு மட்டும் காலியாக இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அந்த மஞ்சள் குறிப்புகளை ப்ளகின் திறக்கும்போதே ஹெல்ப் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கோப்பைத் திற என்று ஒரு நிரல் கேட்டால் சிஸ்டம் அதன் கையில் ஒரு பிடியைக் கொடுக்கும், கோப்பு இல்லையென்றால் வெறுங்கையோடு திருப்பி அனுப்பும். வெறுங்கையா என்று பார்ப்பதற்கு நிரலில் ஒரே ஒரு வரி போதும். எழுதியவர் அதைப் போடவில்லை, தன் கணினியில் அந்தக் கோப்பு எப்போதும் இருந்தது, அதனால் அவருக்குத் தேவைப்படவே இல்லை. என் கணினியில் வெறுங்கையை நீட்டி வாசிக்கப்போய், போகக்கூடாத நினைவகத்தில் கைவைத்தது. இந்த மாதிரி ப்ளகின் தாய் மென்பொருளின் நினைவகத்துக்குள்ளேயே குடியிருப்பதால் இது செத்தால் அதையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கிம்ப் என்ற இலவசப் படத்தொகுப்பு மென்பொருளில் கையேடு தனியாக வரும், அது இல்லாமல் உதவி கேட்டால், கையேடு இந்தக் கணினியில் இல்லை, இணையத்தில் படிக்கிறாயா என்று மரியாதையாகக் கேட்கும். அதன் ப்ளகின்கள் தனி ப்ராசஸாக, அதாவது தனக்கென்று தனி நினைவகத்தோடு, ஓடுவதால், ஒன்று செத்தாலும் கிம்ப் பெரும்பாலும் உயிரோடு நின்று 'ப்ளகின் செத்துவிட்டது, உங்கள் வேலையைச் சேமித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பது நல்லது' என்று சொல்லும். லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளிலும் விண்டோஸுக்கான ஹெல்ப் தனிப் பொதிதான். காசு வாங்கி விற்கும் ஒரு ப்ளகினுக்கு இது தெரியாமல் போனதுதான் எரிச்சலாக இருக்கிறது.

எதையும் அழிக்காதவர்களுக்கும் இது வரலாம். இதே ப்ளகின் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கும் இதே சாவு. அவருடைய ஹெல்ப் ஃபோல்டர் அப்படியே இருந்தது. அவர் கணினியின் மொழியைத் தமிழாக மாற்றி வைத்திருந்தார். ப்ளகின் சிஸ்டத்திடம் மொழியைக் கேட்டு, தமிழுக்கான 'டிஏ' என்ற பெயரில் உள்ள துணை ஃபோல்டரைத் தேடியிருக்கிறது. நிறுவியபோது அப்படி ஒன்று வரவே இல்லை, பக்கத்திலேயே ஆங்கில ஃபோல்டர் இருந்தும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆங்கில ஃபோல்டரையே பிரதியெடுத்து 'டிஏ' என்று பெயர் மாற்றி வைத்தோம், ஓடியது. தமிழில் கணினியைப் பயன்படுத்துங்கள் என்று உங்கள் நாளிதழ் அடிக்கடி எழுதுகிறது, பயன்படுத்தினால் இந்தக் கூத்து.

நான் சரிசெய்தது எப்படி என்றால், ப்ளகினின் இன்ஸ்டாலரை, சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் 7-ஜிப் மென்பொருளில் திறந்து ஹெல்ப் ஃபோல்டரை மட்டும் வெளியே எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். எல்லா இன்ஸ்டாலரும் இப்படித் திறக்காது. திறக்காவிட்டால், செட்டிங்ஸில் அந்தப் ப்ளகினுக்கு 'ரிப்பேர்' என்று ஒரு வாய்ப்பு காட்டினால் அதைக் கொடுங்கள், காட்டாவிட்டால் மறுபடி நிறுவுங்கள். தயாரித்தவர்களுக்கும் ஈவென்ட் வியூவர் வரியையும் ப்ராசஸ் மானிட்டர் பதிவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். முதலில் வந்த பதில் 'கணினியை மறுபடி தொடங்கிப் பாருங்கள்'. காலிக் கோப்பை வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் சாகிறது என்று இரண்டே வாக்கியம் எழுதிய பிறகுதான் நிரல் எழுதுபவர்களுக்கு அனுப்புகிறோம் என்றார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஹெல்ப் ஃபோல்டரை அழிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் அதன் பெயரை மாற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் வேலை செய்து பார்க்கச் சொல்லுங்கள், ஏதாவது செத்தால் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எனக்கு அதில் மிச்சமான இடம் எவ்வளவு என்று கேட்பீர்கள். கைப்பேசியில் எடுத்த பத்துப் படங்களுக்குக்கூட அது காணாது.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் ஒரு வாசகர்