கேக் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் தெருவோரப் பிள்ளைகளுக்கான தங்குமிடம் ஒன்றுக்கு இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் போய்வருகிறேன். கணக்குச் சொல்லித்தருவதாகப் பெயர். பாதி நேரம் கேரம் ஆடுவதிலும் பேன் பார்ப்பதிலுமே போய்விடும். பிள்ளையார்பட்டியில் கையேந்திக்கொண்டிருந்த பையன் ஒருவன், வந்த புதிதில் செருப்பைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குவான். அந்தச் செருப்பு வாசலுக்கு இறங்க மூன்று மாதம் ஆனது.

பிறந்தநாள் என்று கேக்கும் பிரியாணியுமாக வருகிறவர்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அன்னதானம் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதுதான் புதிது. அடிக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, இப்படிப்பட்ட குழந்தைகளின் படத்தையோ பெயரையோ வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொன்னால், 'நல்லது செய்ய வந்தவங்ககிட்ட சட்டம் பேசுறீங்களே ஆச்சி' என்று கோபித்துக்கொள்கிறார்கள்.

பேருந்து நிலையத்தில் தனியாகத் திரியும் பிள்ளையைப் பார்த்தால் காசு கொடுத்துவிட்டு நகராமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை. மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள், இப்படிப்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பை முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும்.

வாரம் ஒரு மணி நேரம், விடாமல் வரக்கூடியவர்கள் வரலாம். இப்போது எட்டாம் வகுப்புக் கணக்குக்கு ஆளில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைக்குடி