ஆண்டறிக்கை: ஓவியங்களில் தாய்மை

தலைவர் அவர்களுக்கும், இந்த மழையிலும் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மண்சரிவால் சாலை அடைபட்ட மாதம் தவிர, கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அதிகம் சொல்ல வேண்டியது, இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றித்தான்.

ரவிவர்மா 1893-ல் வரைந்த 'இதோ அப்பா வருகிறார்' படத்தில் தொடங்கினோம். தன் மகளையே நிற்கவைத்து வரைந்தது. இடுப்பில் குழந்தை, பக்கத்தில் நாய், வழியைக் காட்டும் கை. அப்பா மட்டும் படத்தில் இல்லை. ஆனாலும் படமே அவரைச் சுற்றித்தான். கேரளத்தின் தாய்வழி வாரிசு முறையான மருமக்கத்தாயத்தைப் பின்பற்றிய குடும்பம் அது. பிள்ளைகள் தாய்வீட்டில், தாய்மாமன் பொறுப்பில் வளர்வதே வழக்கம். கணவன் வரவுக்காகக் காத்திருப்பவளே நல்ல தாய் என்பது அங்கே அப்போதுதான் வேர்பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றே ஆண்டில், 1896-ல், மருமக்கத்தாயத்தாரின் மணவுறவைச் சட்டப்படி பதிவு செய்ய வழிவிடும் திருமணச் சட்டமும் மலபாருக்கு வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், "அழகான படத்தை ஏன் இப்படி நோண்ட வேண்டும்?" என்று வருத்தப்பட்டார். அழகை யாரும் மறுக்கவில்லை. அழகாக இருப்பதால்தான் அது சொல்வதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம்.

அடுத்து பிரான்சின் பெர்த் மொரிசோ 1872-ல் வரைந்த 'தொட்டில்'. மெல்லிய திரைக்குள் குழந்தை தூங்குகிறது. தாய் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தாய் ஓவியரின் அக்கா எட்மா. தங்கையோடு சேர்ந்து ஓவியம் பயின்றவர்; 1869-ல் திருமணமானதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். இது தெரிந்தபின் அந்த முகத்தில் பாசத்தோடு களைப்பும் தெரிகிறது என்று பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான்.

தாயும் சேயுமாக ஏராளம் வரைந்த அமெரிக்க ஓவியர் மேரி கசாட் திருமணமே செய்துகொள்ளாதவர். 1893 சிகாகோ கண்காட்சிக்காக, பெண்கள் அறிவுக் கனி பறிப்பதைப் பெரிய சுவரோவியமாகத் தீட்டினார். அது தொலைந்துபோனது, உலகம் நினைவில் வைத்திருப்பது தாய் சேய் படங்களைத்தான்.

காலண்டர் யசோதையைப் பேசிய கூட்டத்துக்குத் தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா கேட்டார்: "யசோதைக்கும் தயிர் கடையுற வேலை இருந்துச்சு, அதனாலதானே பிள்ளையை உரல்ல கட்டினா? நாங்க கிரீச்சுல விட்டா மட்டும் ஏன் ஊரு பேசுது?" 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் நம் வீட்டுச் சுவரில் மாட்டும் படங்களில் வேலைக்குப் போகும் தாய்க்கு இன்னும் இடமில்லை. தேயிலை விளம்பரத்துப் பெண்ணும் சிரித்தபடிதான் நிற்கிறாள், பிள்ளையே இல்லாதவள் போல.

அப்புறம், 'அம்மா' என்ற தலைப்பில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். பெரும்பாலும் அடுப்படிதான். ஒரு சிறுவன் மட்டும் இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டி, முதுகில் சாக்குப்பையோடு எடைத் தராசு முன் வரிசையில் நிற்கும் அம்மாவை வரைந்தான். தராசு முள்ளைக்கூட விடவில்லை. நடுவர்கள் ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசுக்குரிய படம் அது என்பதே என் கருத்து. இங்கே பதிவு செய்கிறேன்.

கோடை சீசனில் இந்தப் படங்களை நூலகக் கூடத்தில் காட்சிக்கு வைக்கவும், மாதக் கூட்டத்தை இலை எடை முடிந்த பிறகு, மாலை ஐந்தரைக்கு மாற்றவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. அறிக்கையையும் இந்த இரு தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்