பக்கத்து அறையில் பாடும் பெண்

சப்போரோ,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

சேகர் எழுதுவது. நான் இங்கே நலம். அம்மா, செல்வி, பெரியம்மா எல்லாரும் நலம்தானே?

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவிடம் இரண்டு முறை போனில் பேசினேன். உங்களிடம் கொடுக்கச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கோவிலில் ஸ்விட்ச் போட்டால் தானாக அடிக்கும் மேளத்தை வைத்துவிட்டார்கள், சாயரட்சைக்கு இனி வரவேண்டாம் என்றார்கள், நாகஸ்வரத்தை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன் என்று நாலே வரி எழுதியிருந்தீர்கள். நாள் முழுக்க அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது, அதனால்தான் உட்கார்ந்தேன்.

முதலில் அம்மா கேட்டதற்குப் பதில். குளிர் மைனஸ் எட்டு வரை போகிறது. காலையில் எழுந்ததும் வாசலில் முழங்கால் உயரப் பனியை மண்வெட்டியால் தள்ளினால்தான் வெளியே கால் வைக்க முடியும். அந்த வேலையிலேயே உடம்பு சூடாகிவிடும். அடுப்புக்கு மண்ணெண்ணெய் அதிகம் வாங்குவதில்லை, அம்மா கொடுத்த கம்பளியே போதும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. சூப் கறி என்று இந்த ஊருக்கே பேர்போன சாப்பாடு ஒன்று உண்டு. மிளகு ரசத்தில் கோழிக்காலும் கத்திரிக்காயும் போட்ட மாதிரி இருக்கும். சம்பளம் வந்த அன்று ஒருமுறை சாப்பிட்டேன். மற்ற நாள் நானே பொங்கிக்கொள்கிறேன். அரிசி கொஞ்சம் குழையும், அவ்வளவுதான்.

இப்போது பக்கத்து அறைக்காரர் விஷயம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மீன் சந்தையில் காலமெல்லாம் பெட்டி தூக்கியவர், விரலெல்லாம் காய்த்துப் போயிருக்கும். நான் அவரை ஓஜீசான் என்று கூப்பிடுகிறேன், தாத்தா என்று அர்த்தம். டிசம்பரில் ஒரு ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் பாடுகிற சத்தம் கேட்டது. ஒரே வரி. நிறுத்துவாள், மறுபடி அதே வரி. நாற்பது தடவையாவது இருக்கும். நீங்கள் என்னை உட்காரவைத்து ஜண்டை வரிசை வாங்கிய மாதிரியே இருந்தது. யாரோ அந்தப் பிள்ளையை இந்தக் குளிரில் தூங்கவிடாமல் படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். நாலாம் நாள் பொறுக்காமல் கதவைத் தட்டினேன். உள்ளே பெண்ணே இல்லை, அப்பா. ஓஜீசானும் ஒரு கம்ப்யூட்டரும்தான்.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் ஹட்சுனே மிக்கு. அவள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குரல். மெட்டும் சொல்லும் கொடுத்தால் பாடிக்காட்டும் வோக்கலாய்டு என்ற மென்பொருளை யமஹா செய்தது, அது 2004-ல் வெளிவந்தது. அதை வைத்து இதே சப்போரோவில் இருக்கும் கிரிப்டன் என்ற கம்பெனி 2007 ஆகஸ்ட் 31-ல் இவளைக் கொண்டுவந்தது. வயது 16, உயரம் 158 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் நீலப்பச்சை நிறத்தில் நீளமான கூந்தல் என்று படம் வரைந்துவைத்திருக்கிறார்கள். இங்கே எல்லாருக்கும் அவளைத் தெரியும். இப்போது ஊரில் பனித் திருவிழா நடக்கிறது. 2010-ல் அதில் அவளுக்குப் பனியால் சிலை செய்துவைத்தார்கள். அதிலிருந்து குளிர்காலம் வந்தாலே டிராம் வண்டி முழுக்க அவள் படம்தான்.

மெஷின் பாடுகிறது என்றதும் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் முதலில் உங்கள் கடிதம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் ஓஜீசான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். குரல் மெஷினுடையது இல்லை. ஃபுஜிதா சாக்கி என்ற பெண்மணி ஒலி ஒலியாகப் பேசிப் பதிந்து கொடுத்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜப்பான் எழுத்து நம் உயிர்மெய் மாதிரித்தான், க கி கு கெ கொ என்று போகும். திரையில் கட்டம் போட்டிருக்கும். எந்த ஸ்வரமோ அந்த உயரத்தில் ஒரு கோடு, எவ்வளவு நேரமோ அவ்வளவு நீளம், அதன்மேல் எழுத்து. அப்படியே விட்டால் பாட்டு உயிரில்லாமல் கேட்கும். மூச்சு எங்கே, அழுத்தம் எங்கே, ஸ்வரம் எங்கே அசையவேண்டும் என்று ஒவ்வொன்றையும் கையால் வளைக்கவேண்டும். நம் கமகத்தை ஒருவர் கோடாக வரைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சீவாளியை நாக்கில் நனைத்து, ஊதிப் பார்த்து, கத்தியால் ஒரு மயிரிழை சீவி, மறுபடி நனைத்து, பொழுது சாயும் வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்களே, அதே உட்கார்வுதான்.

மேடைக் கச்சேரியும் உண்டு. திரையில் அவள் உருவம் ஆடிப் பாடும், பக்கத்தில் கிடாரும் டிரம்ஸும் வாசிப்பது மனிதர்கள். 2012-ல் தோமிதா இசாவோ என்ற பெரிய இசையமைப்பாளர், தன் எண்பதாவது வயதில், டோக்கியோவில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு இவளைப் பாடவைத்தார். யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை. உங்களை வரவேண்டாம் என்ற அந்தப் பெட்டியும் இவளும் ஒன்றில்லை, அப்பா. அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஆளே கிடையாது. இவள் ஆள் உட்காராமல் ஒரு எழுத்துகூடப் பாடமாட்டாள். ஒத்து ஊதிய பெரிய மாமா போன பிறகு நீங்களும் சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டீர்கள். அதனால் உங்கள் தோடி குறைந்துவிட்டதா?

ஓஜீசான் இருபது வயதிலிருந்து பாட்டு எழுதி நோட்டில் வைத்திருந்தாராம். பாட ஆள் கிடைக்கவில்லை, தனக்கும் குரல் இல்லை. பேரன்தான் டோக்கியோ போகுமுன் இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். இவரைப் போல வீட்டு அறையில் உட்கார்ந்து இவளைப் பாடவைத்தவர்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இன்று பெரிய பாடகராக இருக்கும் யொனெசு கென்ஷியே அப்படி ஆரம்பித்தவர்தான்.

அந்த நாலு ராத்திரியும் அவர் மல்லுக்கட்டிய சொல் ‘கயெரு’. வீட்டுக்குத் திரும்புவது என்று அர்த்தம். கடைசி ‘ரு’ அவருக்குச் சரியாக விழவில்லை. அர்த்தம் தெரிந்த பிறகு சுவரோரம் படுத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நம் வீட்டுத் திண்ணையும், விடியற்காலையில் நீங்கள் பூபாளம் எடுப்பதும், அம்மா சாணி தெளிக்கும் சத்தமும் வந்துவிட்டது. தமிழில் வாய்விட்டுப் பேசியே பத்து நாள் ஆகியிருந்தது. சரி, அதை விடுங்கள். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டவேண்டாம்.

ஓஜீசான் உங்கள் வாசிப்பைக் கேட்கவேண்டும் என்கிறார். பரணிலிருந்து இறக்குங்கள். கோவிந்தண்ணன் தவிலோடு வரட்டும். செல்வி போனில் பதிந்து அனுப்புவாள். சன்னதியில் இல்லாவிட்டாலும் திண்ணையில் ஊதுங்கள்.

செல்விக்கு வந்திருக்கும் மாயவரத்து இடம் என்ன ஆயிற்று? பதினைந்து பவுன் கேட்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். பத்துக்குப் பேசிப் பாருங்கள், ஆவணி வரை தவணை கேளுங்கள். சங்கத்துக் கடனுக்கு இந்த மாதம் கொஞ்சம் குறைவாக அனுப்பியிருக்கிறேன், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். நிலத்துக் குத்தகைப் பணத்தைச் சித்தப்பா கொடுத்துவிட்டாரா? கொடுக்காவிட்டால் சண்டை போடவேண்டாம், நான் பேசுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீருமுன்பே வாங்கி வையுங்கள். பின்கட்டு ஓட்டை ஆடிக்குள் மாற்றிவிடவேண்டும்.

பரணில் கிடந்த சீவாளி வறண்டுபோயிருக்கும். திருவாவடுதுறையில் புதிதாகச் சொல்லிவையுங்கள். ஒரு செட் என்ன விலை என்று எழுதுங்கள். அந்தப் பணத்தைத் தனியாக அனுப்புகிறேன், வீட்டுச் செலவில் சேர்க்கவேண்டாம்.

அன்பு மகன்,
சேகர்