காட்பாடி வரலாற்றுப் புத்தகத்துக்குக் கை கொடுங்கள்

காட்பாடி மக்களுக்கும், இங்கே பிறந்து வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வேலூர் என்றால் கோட்டை, 1806 சிப்பாய்க் கிளர்ச்சி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் ஊரைப் பற்றிக் கேட்டால் "ஜங்ஷன்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856இல் ஓடிய ரயில் பிறகு இங்கேயும் வந்து, விழுப்புரம் மீட்டர்கேஜ் (குறுகிய தண்டவாள) பாதையும் சேர்ந்துகொள்ள, ஏரிப் பாசனத்தில் பிழைத்த தாராபடவேடு, கழிஞ்சூர் பக்கமெல்லாம் ரயில்வே குடும்பங்கள் குடியேறின. அப்புறம் காந்திநகர், 1954இல் ஆக்சிலியம் கல்லூரி, 1984இல் இன்று விஐடி ஆகியிருக்கும் பொறியியல் கல்லூரி. இதெல்லாம் தெரிந்த கதைதான். இங்கே வாழ்ந்தவர்களின் கதையை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அதைத்தான் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறோம்.

மீட்டர்கேஜ் வண்டியிலிருந்து மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையை இறக்கி அகலப்பாதை வண்டியில் ஏற்றிய ஒரு தாத்தாவிடம் "அடுத்த வாரம் வருகிறோம், பேசுங்க" என்று சொல்லியிருந்தோம், நாங்கள் ரெக்கார்டரோடு போனபோது அவர் உயிரோடு இல்லை. அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. காந்திநகரில் ஒரு வீடு, முன்னால் கிணறும் ராட்டினமும், சுற்றிலும் வெட்டவெளி. ஈரம் பட்டுப் பாதிப் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது, கழற்றினால் கிழிந்துவிடும். இன்னும் எத்தனை வீட்டில் இப்படி இருக்கிறதோ!

2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது, எந்தக் கால்வாய் எங்கே போனது என்று சொல்லப் பெரியவர்கள்தான் இருந்தார்கள். அதையும் வரைபடமாகப் புத்தகத்தில் போடப் போகிறோம்.

ஒரு நல்ல ஸ்கேனர், பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்கும் கூலி, அச்சுச் செலவு, இவ்வளவுதான் தேவை. 100 ரூபாய் ஆனாலும் சரி, 10,000 ஆனாலும் சரி, ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு முழுவதும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். குழுவில் யாரும் ஒரு பைசா சம்பளம் வாங்கவில்லை.

பணம் முடியாதவர்கள் பழைய படம், பத்திரம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்து வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தந்துவிடுவோம். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், அன்றைக்கே வீட்டுக்கு வருகிறோம்.