மாப்பிள்ளை நாட்டு விதி மாறினால் பெண் வீட்டுக்கு யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. எங்கள் அரூர்ப் பக்கத்தில் இந்த ஆண்டும் இரண்டு மூன்று வீடுகளில் வெளிநாட்டு மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிறார்கள். அவர்கள் தேதி குறிப்பதற்குள் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 2024 தை மாதம் தீர்த்தமலையில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளையின் பூர்வீகம் பென்னாகரம். பிறந்தது இங்கிலாந்தில், பிரிட்டன் குடியுரிமை உள்ளவர். பொருள் கிடங்கு ஒன்றில் இருப்புக் கணக்குப் பார்க்கிறார். ஆண்டுச் சம்பளம் 24,000 பவுண்டு. மனைவியை விசாவில் அழைத்துக்கொள்ள, கணவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆண்டு வருமானமாக 2012 ஜூலை முதல் அந்நாடு கேட்டுவந்தது 18,600 பவுண்டு. நிச்சயம் செய்தபோது எங்களுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

2023 டிசம்பர் 4 அன்று அந்த வருமானம் 38,700 பவுண்டாக உயரும் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்து வீடே கலங்கியது. அதே மாதத்திலேயே அதைத் திருத்தி, முதலில் 29,000, பிறகு 34,500, கடைசியில் 38,700 எனப் படிப்படியாக ஏற்றுவோம் என்றார்கள். அந்தத் திருத்தம் எங்கள் கண்ணில் படவில்லை. முதல் படி 2024 ஏப்ரல் 11 அன்று நடைமுறைக்கு வரும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. பக்கத்து நகரத்தில் பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டும் ஒரு மையத்தை நம்பியிருந்தோம். "எல்லாக் காகிதமும் சேரட்டும், ஒரேயடியாகப் போடலாம், அவசரமில்லை" என்றார்கள். மார்ச் மாதத்தில் மகளை அழைத்துக்கொண்டு மொரப்பூரில் ரயிலேறி இரண்டு முறை சென்னை போய்வந்தேன். ஒரு முறை ஆங்கிலத் தேர்வுக்கு, இன்னொரு முறை காசநோய்ப் பரிசோதனைக்கு. சான்றிதழ்கள் இரண்டும் மார்ச் முடிவதற்குள் கைக்கு வந்துவிட்டன. மையம் விண்ணப்பத்தைப் போட்டது ஏப்ரல் 22 அன்று.

ஏப்ரல் 10 இரவுக்குள் இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக் கட்டணத்தையும் செலுத்தியிருந்தால் பழைய 18,600 பவுண்டு விதியே எங்களுக்குப் பொருந்தியிருக்கும். கைரேகை கொடுப்பதையும் ஆவணங்களை ஏற்றுவதையும் அதன் பிறகு செய்திருக்கலாம். பன்னிரண்டு நாள் தாமதத்தில் என் மகளின் வாழ்க்கை தள்ளிப்போயிற்று. ஜூலையில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் இருந்த ஒரே காரணம் வருமானம் போதவில்லை என்பது. அந்நாட்டு அரசு மருத்துவ வசதிக்கென மூன்று ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டிய சுகாதாரக் கட்டணம் 3,105 பவுண்டு திரும்பி வந்தது. விண்ணப்பக் கட்டணம் 1,846 பவுண்டு, நம் பணத்தில் ஏறக்குறைய 1.9 லட்சம் ரூபாய், வரவில்லை. என் ஓய்வூதியத்தில் அது எத்தனை மாதம் என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் இங்கே தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். அந்தச் சம்பளத்தைச் சேர்க்கக் கூடாதா என்று கேட்டோம். இந்தியாவில் மனைவி சம்பாதிப்பது கணக்கில் வராதாம். வருமானத்தைச் சேர்க்காமல் சேமிப்பை மட்டும் காட்டலாம் என்றால் 88,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய், ஆறு மாதம் வங்கியில் இருக்க வேண்டுமாம். பாலக்கோட்டிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் தக்காளியும் மரவள்ளியும் போட்டுப் பெண்ணை வளர்த்தவர்களுக்கு இந்தத் தொகை எப்படிப் பொருந்தும்? மாப்பிள்ளை இப்போது வார இறுதியிலும் வேறொரு வேலைக்குப் போகிறார். இரண்டு சம்பளமும் சேர்ந்து 29,000 பவுண்டைத் தாண்டிய ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள் கையில் வரும் வரை மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

அடுத்த படிகளை அங்கு வந்த புதிய அரசு நிறுத்தி வைத்தது. அது கேட்டுக்கொண்டபடி ஆய்வு செய்த குடியேற்ற ஆலோசனைக் குழு, 38,700 என்ற அளவு குடும்ப விசாவுக்குப் பொருந்தாது என்று 2025 ஜூனில் அறிக்கை கொடுத்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் இன்றும் 38,700 என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். நல்ல சம்பந்தம் ஒன்று அந்தப் பேச்சாலேயே கலைந்தது எனக்குத் தெரியும்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதினோரு ஆண்டுகள் பொதுத் தகவல் அலுவலருக்கு அடுத்த மேசையில் அமர்ந்து, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களுக்கு முப்பது நாளுக்குள் பதில் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். நம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துப் பிரிட்டன் அரசைக் கேள்வி கேட்க முடியாது என்பது தெரியும். அவர்களுடைய தகவல் சுதந்திரச் சட்டம் 2000இன் கீழ் எந்த நாட்டவரும் கேட்கலாம் என்பது அண்மையில்தான் தெரிந்தது. சொந்தப் பெயரும் பதில் வரவேண்டிய முகவரியும் எழுதி மின்னஞ்சல் அனுப்பினால் போதும். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்கள் தெருப் பிள்ளை ஒருவனை உட்கார வைத்துச் சென்ற வாரம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

கேட்டவை மூன்று. 2024 ஏப்ரல் 11க்குப் பிறகு இந்தியாவிலிருந்து போன கணவன், மனைவி விண்ணப்பங்களில் வருமானம் ஒன்றையே காரணம் காட்டித் தள்ளப்பட்டவை எத்தனை? அவற்றில் அந்தத் தேதியை அடுத்த முதல் மாதத்தில் வந்தவை எத்தனை? விதி மாறப்போவதை இந்தியாவில் உள்ளவர்களுக்கு எந்தெந்த மொழியில், எந்த வழியில் தெரிவித்தார்கள்? இப்படி மனுப் போடுகிறவர்கள் "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்க வேண்டாம். பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நம் மாநில அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கென ஒரு துறையும் இருக்கிறது. நம் பெண்களும் பிள்ளைகளும் அதிகமாக வாழப்போகும் நாடுகளின் திருமண விசா விதிகளை, தொகை, தேதி, பழைய விதி யாருக்குப் பொருந்தும் என்ற விவரத்தோடு, தமிழில் ஒரே பக்கத்தில் அந்தத் துறை வெளியிட வேண்டும். விதி மாறும் அன்றே அதையும் மாற்ற வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்ய வரும் சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் அந்தத் தாளை ஒட்டி வைத்தால், தனியார் மையத்தின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டிய நிலை என்னைப் போன்றவர்களுக்கு வராது.

என் மின்னஞ்சலுக்கு வரும் பதிலைத் தமிழில் எழுதி உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். இடம் ஒதுக்கி வெளியிட வேண்டும். மகளின் பொருட்டு என் பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.